மரத்திலிருந்து டயர் வரை: இலங்கை இறப்பர் பொருட்களின் ஏற்றுமதிப் போட்டித்திறன்

களுத்துறை மாவட்டத்தின் உட்பகுதியில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு காலத்தில் அங்கே கடைத்தெருவில் நாலு கடைக்கு ஒன்று இறப்பர் வாங்கும் கடையாக இருந்தது. வாப்பாவின் கடையும் அதில் ஒன்று. காலை பத்து மணி தாண்டினால் சைக்கிளிலும் தலைச்சுமையிலும் சீட் வந்து இறங்கும். வாப்பா ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். குமிழி இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, புகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் தரம் சொல்லுவார். கொண்டுவந்தவர் பேர் சொல்லுமுன்பே "இது மேட்டுத் தோட்டத்துச் சீட்" என்று சொல்லும் அளவுக்கு அவருக்குப் பழக்கம் இருந்தது. தராசில் ஏற்றி, காசு கொடுத்து, சீட்டைப் பின்னால் உள்ள குவியலில் போட்டுவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். பிறகு அது யாருடைய தோட்டத்துச் சீட் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது அந்தத் தெருவில் இரண்டு கடைதான் மிச்சம். போன பெருநாள் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, ஊர்ல இறப்பர் இல்லாமப் போகுது. ஆனா இறப்பர் சாமான் ஏற்றுமதில நூறு கோடி டொலர் வருது எண்டு சொல்றாங்க. இது எப்படி?"

நல்ல கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்கான பதில்தான்.

கச்சா இறப்பரும் இறப்பர் பொருளும்

முதலில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கச்சா இறப்பர் என்பது பால், சீட், கிரேப், ஒட்டுப்பால் என்று தோட்டத்தில் இருந்து வருவது. இறப்பர் பொருள் என்பது தொழிற்சாலையில் இருந்து வெளியேறும் டயர், கையுறை, பாய், குழாய், சப்பாத்து அடிப்பாகம் முதலியவை.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டன. அந்த ஆண்டே ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்து தொடங்கிப் பல தசாப்தங்களாக நாம் கச்சா இறப்பரைத்தான் விற்றுவந்தோம். 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்த இறப்பர் - அரிசி உடன்படிக்கையும் அப்படிப்பட்டதே. நாம் ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுக்க, சீனா 270,000 தொன் அரிசி தருவதாக ஏற்பாடு. அரிசிப் பஞ்சத்தில் கிடந்த நாட்டுக்கு அன்று அது உயிர் கொடுத்த ஒப்பந்தம்.

இன்று நிலைமை தலைகீழ். கச்சா இறப்பர் ஏற்றுமதி சிறுத்துவிட்டது. நாட்டில் விளைவதில் பெரும்பகுதியை உள்ளூர்த் தொழிற்சாலைகளே வாங்கிக்கொள்கின்றன. 2021இல் இறப்பர் பொருட்களின் ஏற்றுமதி வருமானம் 100 கோடி டொலரைத் தாண்டியது. பிந்திய ஆண்டுகளில் சற்று இறங்கினாலும், ஆடைக்கும் தேயிலைக்கும் அடுத்த இடத்தில் வைத்துப் பேசப்படும் பண்ட ஏற்றுமதி இதுதான். அதில் பாதிக்கு மேல் டயர்.

இந்த மாற்றத்தின் பொருள் பெரிது. கச்சா இறப்பரின் விலையை நாம் தீர்மானிப்பதில்லை. சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுச் சந்தைகளில் அது தீர்மானமாகிறது. உலக உற்பத்தியில் நமது பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு டயரின் விலையில் இறப்பர் மட்டும் இல்லை. வடிவமைப்பு, கலவை, உழைப்பு, நம்பிக்கை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. போட்டித்திறன் என்ற பேச்சுக்கு இடமே அங்கேதான் வருகிறது.

சொலிட் டயரில் நாம் ஜெயித்த கதை

போட்டித்திறன் என்றவுடன் பலரும் மலிவு விலை என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். வாங்குபவர் நம்மை விட்டு வேறு ஒருவரிடம் போகாமல் இருப்பதற்குரிய காரணம் எதுவோ, அதுதான் போட்டித்திறன். விலையும் ஒரு காரணம். தரம், சொன்ன நாளில் அனுப்புதல், வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தல் ஆகியவையும் காரணங்கள்.

மோட்டார் கார் டயரில் சீனாவையோ தாய்லாந்தையோ நாம் தொட முடியாது. அது ஒரே அளவில் இலட்சக்கணக்கில் இயந்திரமே செய்யும் தொழில். நமது இடம் வேறு. களஞ்சியசாலைகளிலும் துறைமுகங்களிலும் சுமை தூக்கும் போர்க்லிப்ட் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சில்லு, ஆனால் தொன் கணக்கில் பாரம். தரையில் ஆணியும் தகரத் துண்டும் கிடக்கும். தூக்கிய பாரத்தோடு நிற்கும்போது டயர் காற்றுப்போனால் ஆள் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்த வண்டிகளுக்கு உள்ளே காற்றில்லாமல் முழுக்க இறப்பரால் ஆன டயர் போடுகிறார்கள். இதுதான் சொலிட் டயர். உலகில் இதைச் செய்யும் முதன்மையான நாடுகளில் இலங்கையும் ஒன்று.

ஏன் இது நமக்கு வாய்த்தது? மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, இயற்கை இறப்பரின் குணம். பாரம் ஏறி இறங்கும்போது டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரியும். அப்போது உள்ளே சூடு பிறக்கிறது. சொலிட் டயர் தடிப்பானது என்பதால் அந்தச் சூடு இலகுவில் வெளியேறாது. இயற்கை இறப்பரில் இப்படிப் பிறக்கும் சூடு குறைவு, கிழிபடாத பலமும் அதிகம். ஆகவே கார் டயரைப்போல் செயற்கை இறப்பரை இங்கே தாராளமாகக் கலக்க முடியாது. நல்ல இயற்கை இறப்பர் பக்கத்தில் இருப்பவனுக்கு அது அனுகூலம்.

இரண்டாவது, தொழிலின் அளவு. போர்க்லிப்ட் டயரில் அளவுகள் ஏராளம். ஓர் அளவில் சில நூறு, இன்னோர் அளவில் சில டசின் என்றுதான் ஓடர் வரும். இரும்புவளையம் வைத்த அடித்தட்டு, அதன் மேல் மெத்தென்ற நடுத்தட்டு, அதற்கு மேல் தேயாத வெளித்தட்டு என்று கையாலும் இயந்திரத்தாலும் சுற்றி, அச்சில் வைத்து நேரமெடுத்து வேகவைக்க வேண்டும். பெரிய டயர் என்றால் மணிக்கணக்காகும். கை பழகிய தொழிலாளி இல்லாமல் இது நடக்காது.

மூன்றாவது, வாங்குபவரின் கணக்கு. களஞ்சியக்காரர் ஒரு டயர் எத்தனை ரூபாய் என்று மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை மணித்தியாலம் ஓடும் என்றும் கேட்கிறார். ஒரு மணித்தியாலத்துக்கு வரும் செலவு குறைந்தால் சற்றுக் கூடிய விலையும் கொடுக்கத் தயார்.

வெளிநாட்டுக் கம்பனிகளும் இதை அறிந்தே இங்கே வந்தன. பிரான்சின் மிச்செலின் 2018இல் கம்சோ கம்பனியை வாங்கியபோது அதன் இலங்கைத் தொழிற்சாலைகளும் அதோடு போயின. 2024 டிசம்பரில் அந்த வியாபாரத்தின் ஒரு பகுதியை, இங்குள்ள இரண்டு தொழிற்சாலைகளுடன், இந்தியாவின் சியட் வாங்குவதாக அறிவித்தது. முதலாளி மாறினாலும் தொழிற்சாலை இடம் மாறவில்லை. இது நமது கைத்திறனுக்குக் கிடைத்த சான்றிதழ். அதே நேரம் ஒரு எச்சரிக்கையும் கூட. பல நாடுகளில் தொழிற்சாலை வைத்திருப்பவருக்கு, இங்கே செலவு கூடினால் ஓடரை வேறு பக்கம் திருப்புவது பெரிய காரியமில்லை.

கையுறையிலும் இதே பாடம்தான். ஒருமுறை போட்டு எறியும் மருத்துவக் கையுறையில் மலேசியாதான் ராஜா. நாம் தொழிற்சாலைக் கையுறை, வீட்டு வேலைக் கையுறை என்ற இடத்தில் நின்று பிடித்தோம். பெரியவர்கள் அள்ளும் சந்தையில் மோதாமல், பக்கத்தில் ஒரு மூலையை நன்றாகப் பிடித்துக்கொள்வதே சின்ன நாட்டுக்குரிய வழி.

மரப் பக்கம் சரிகிறது

இனித்தான் கசப்பான பகுதி. மேலே சொன்ன முதலாவது அனுகூலம், அதாவது பக்கத்தில் இருக்கும் நல்ல இறப்பர், கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. 2011இல் நாட்டின் உற்பத்தி ஒன்றரை இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்தது. 2023இல் அது எழுபதாயிரம் தொன்னுக்கும் கீழே. பன்னிரண்டு வருஷத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

காரணம் ஒன்றல்ல. 2011 பெப்ரவரியில் உலகச் சந்தையில் இறப்பர் கிலோ ஆறு டொலருக்கு மேல் போனது. அடுத்த சில வருஷங்களில் விலை சரிந்து, உச்சத்தில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே வந்தது. இறப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். விலை விழுந்து கிடக்கும்போது யார் நடுவார்? பழைய மரத்தைத் தறித்தவர்கள் கறுவாவுக்கும் முள்ளுத்தேங்காய்க்கும் போனார்கள். சிலர் காணியைத் துண்டு போட்டு விற்றார்கள். 2019இல் இலையில் வட்டப் புள்ளி விழுந்து உதிரும் புதிய நோய் வந்தது. 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடை, அந்த வருஷ முடிவுக்குள் விலக்கப்பட்டாலும், பிறகு ஏறிய உரவிலை சிறு தோட்டக்காரரின் கைக்கு எட்டவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஆள் பஞ்சம். பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழும்பி ஒரு காலையில் சுமார் 300 மரம் வெட்ட வேண்டும். பட்டையில் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குத்தான் சீவலாம். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. மழை பெய்தால் அன்றைய கூலி இல்லை. களுத்துறை, இரத்தினபுரிப் பக்கம் வருஷத்தில் எத்தனை நாள் மழை என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த வேலைக்கு இளம் பிள்ளைகள் வருவார்களா? முச்சக்கரவண்டி ஓட்டினாலும் காலையில் நித்திரை கொள்ளலாம். இதனால் வெட்டக்கூடிய மரம் இருந்தும் வெட்டாமல் கிடக்கும் தோட்டங்கள் ஏராளம். வியட்நாமில் ஒரு ஹெக்டேயரில் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். நமது சராசரி ஒரு தொன்னையும் எட்டுவதில்லை.

இறக்குமதி செய்தால் போதாதா?

"இறப்பர் இல்லாவிட்டால் வெளியில் இருந்து வாங்கிச் செய்யலாமே, மலேசியா அப்படித்தானே செய்கிறது" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலேசியாவின் இயற்கை இறப்பர் உற்பத்தி 2006 அளவில் 12 இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்தது. இன்று நான்கு இலட்சத்துக்கும் கீழே. ஆனாலும் கையுறைத் தொழில் வளர்ந்தது. பக்கத்துத் தாய்லாந்தில் இருந்து பாலை இறக்கினார்கள். இயற்கை இறப்பரால் சிலருக்கு ஒவ்வாமை வருகிறது என்ற கவலை எழுந்தபின் பெற்றோலிய மூலப்பொருளால் ஆகும் நைட்ரைலுக்குப் பெருமளவில் மாறினார்கள்.

ஆனால் அவர்களிடம் தாய்லாந்து வாசற்படியில் இருக்கிறது. சொந்த எரிவாயு இருக்கிறது. பென்னாம்பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம்மிடம் எரிவாயு இல்லை. நமது கொதிகலன்கள் பலவற்றுக்கு விறகுதான் தீனி, அதிலும் தறித்த இறப்பர் மரத்தின் விறகு. மரம் குறைந்தால் பாலும் குறையும், விறகும் குறையும்.

நமது தொழிற்சாலைகள் இப்போதே இறப்பரை இறக்குமதி செய்கின்றன. ஏற்றுமதிக்காக இறக்குவதற்கு வரிச் சலுகையும் உண்டு. என்றாலும் கப்பல் செலவு, கைவசம் வைத்திருக்கும் சரக்குக்கு வட்டி, அனுமதிப்பத்திர அலைச்சல் எல்லாம் சேர்கின்றன. தாய்லாந்திலும் வியட்நாமிலும் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்திருப்பவரோடு அந்தச் சுமையோடுதான் ஓட வேண்டும். இறக்குமதி ஒரு ஊன்றுகோல். அதை வைத்து நடக்கலாம், ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பது கஷ்டம்.

ரூபாய் விழுந்தால் நமக்கு இலாபமா?

ரூபாய் விழுந்தால் ஏற்றுமதியாளருக்குக் கொண்டாட்டம் என்று ஒரு பொது நம்பிக்கை உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. அப்படியானால் ஏற்றுமதி பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை.

காரணம் எளிது. டயருக்குள் போகும் காபன் கருப்பு, செயற்கை இறப்பர், இரும்புக் கம்பி, இரசாயனம் எல்லாம் டொலருக்கே வருகின்றன. உள்ளூர்ச் சீட்டின் விலையும் உலக விலையைப் பார்த்துத்தான் ஏறுகிறது. ரூபாயில் மிஞ்சுவது கூலியும் மின்சாரமும் வட்டியும்தான். அதிலும் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. வங்கி வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. பெரிய கம்பனி தாங்கியது. ஐம்பது பேரை வைத்து இறப்பர் பாய் செய்கிற சிறிய தொழிற்சாலை தாங்கவில்லை.

வெளியில் இருந்தும் அடி வந்தது. நமது இறப்பர் பொருட்களுக்கு அமெரிக்கா முக்கியமான சந்தை. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அந்நாடு அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் ஓகஸ்டில் அது 20 வீதமானது. வியட்நாமுக்கும் 20, தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் 19 என்பதால் போட்டியாளரோடு ஏறக்குறைய சமமாக நின்றோம். இப்படிக் கடைசி நேரத்தில் தப்புவதைப் போட்டித்திறன் என்று சொல்ல முடியாது.

ஐரோப்பாவின் புதிய கேள்வி

இனிமேல் வரப்போகும் பரீட்சை விலை பற்றியது அல்ல. நம்மைப் போன்ற வியாபாரக் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காடழிப்புக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாடு, கொக்கோ, கோப்பி, பாம் எண்ணெய், சோயா, மரம் ஆகியவற்றோடு இறப்பரும் அதில் அடங்குகிறது. சீட் மட்டுமல்ல, டயரும் கையுறையும் கூட. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த இறப்பர் அந்தப் பொருளில் இருக்கக்கூடாது. அதை நிரூபிக்க, பால் எடுத்த ஒவ்வொரு காணியின் அமைவிடத்தையும் அகலாங்கு நெட்டாங்குடன் கொடுக்க வேண்டும். நாட்டின் சட்டப்படி விளைந்தது என்றும் காட்ட வேண்டும். மூலம் தெரியாத இறப்பரைக் கலக்கவும் கூடாது. அமுலுக்கு வரும் திகதி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தள்ளிப்போனது. ஆனால் பெரிய கொள்வனவாளர்கள் திகதி பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு வகையில் இது நமக்கு அல்லாஹ் தந்த வாய்ப்பு. நமது இறப்பர்க் காணிகளில் பெரும்பகுதி பல தலைமுறையாக இறப்பர் நின்ற காணி. புதிதாகக் காடு வெட்டி நட்டதாக நம்மேல் குற்றம் சொல்ல வழி குறைவு. "எங்கட இறப்பரில் காடழிப்பு இல்லை" என்று கடுதாசியோடு காட்ட முடிந்தால், அதைக் காட்ட முடியாதவரிடம் இருந்து சந்தை நம்மிடம் வரும்.

ஆனால் கடுதாசி எங்கே அறுகிறது? வாப்பாவின் கடையில்தான். நூறு தோட்டத்துச் சீட் ஒரே குவியலில் விழும் அந்த இடத்தில்தான் காணியின் அடையாளம் அழிகிறது. தொழிற்சாலைக்கு இதைச் சரிசெய்ய மிகச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. சின்னக் கடைக்காரரை விலக்கிவிட்டுப் பெருந்தோட்டக் கம்பனியிடம் இருந்தோ பெரிய சேகரிப்பாளரிடம் இருந்தோ மட்டும் வாங்குவது. அப்படி நடந்தால் கடைக்காரர் மட்டும் போகமாட்டார். நாட்டின் இறப்பர்க் காணியில் பெரும்பகுதியை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரரும் வாங்க ஆளில்லாமல் மரத்தைத் தறிப்பார். தொழிற்சாலைக்குரிய பால் மேலும் குறையும். இறுதியில் டயருக்கே அது பாதகம்.

என்ன செய்யலாம்?

கடைக்காரர் செய்யக்கூடியது உண்டு. நான்கு ஹெக்டேயருக்குக் குறைந்த காணிக்கு எல்லை முழுவதையும் வரைபடமாக்கத் தேவையில்லை. ஒரு புள்ளியின் அகலாங்கு நெட்டாங்கு போதும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நமது சிறு தோட்டங்கள் ஏறத்தாழ எல்லாம் அந்த அளவுக்குள்தான். கையடக்கத் தொலைபேசியைக் காணியின் நடுவில் நின்று அமத்தினால் அந்த எண் வந்துவிடும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம், அந்த இலக்கத்துக்கு எதிரே காணியின் புள்ளி, அன்றன்று கொண்டுவந்த கிலோ. இப்படி ஒரு கொப்பி போட்டு, அந்தச் சீட்டை வேறாக அடுக்கிவைத்தால் அந்தக் கடை தொழிற்சாலைக்குத் தவிர்க்க முடியாத கடையாகிவிடும். கணக்குக் கொப்பி எழுதுவது நமக்குப் புதிய கலை அல்ல. பங்கு பிரிக்காமல் கிடக்கும் குடும்பக் காணிகளின் உறுதியைச் சரிசெய்வதையும் இதோடு சேர்த்துத் தொடங்க வேண்டும். உரிமை தெளிவில்லாத காணி நாளை சட்டப்படி விளைந்தது என்று காட்டத் தடையாக வரும்.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. மீள்நடுகைக்கு உதவி விலை நன்றாக இருக்கும் வருஷத்தில் மட்டும் வந்தால் பிரயோசனமில்லை. விலை விழுந்த வருஷத்தில்தான் தோட்டக்காரருக்கு அது தேவை. மரத்தைச் சுற்றிக் கட்டும் மழைக்காப்பு எல்லாச் சிறு தோட்டத்துக்கும் போனால் மழை நாட்களிலும் பால் எடுக்கலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை, நாலு நாளுக்கு ஒருமுறை வெட்டும் முறையை அகலவத்தையில் உள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆள் பஞ்சத்துக்கு அதைவிட நேரடியான மருந்து இல்லை. ஒரே ஆள் கூடுதலான மரங்களைக் கவனிக்கலாம், அவருடைய வருமானமும் கூடும். அந்த அறிவு அகலவத்தையில் இருந்து பக்கத்துக் கிராமத்துக்கு வந்துசேர்வதுதான் தாமதம்.

தொழிற்சாலைகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பால் வெட்டுபவரின் வருமானத்தைத் தோட்டக்காரரின் பிரச்சினை என்று தள்ளிவைக்க முடியாது. ஐரோப்பாவில் விற்கும் ஒரு டயரின் கதை, விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கும் ஒருவரில் இருந்துதான் தொடங்குகிறது. அவர் நின்றுவிட்டால் கலவையும் அச்சும் கைத்திறனும் இறக்குமதி இறப்பருக்குக் காத்துக்கிடக்க வேண்டும்.

மருமகனுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான். நூறு கோடி டொலர் உண்மை. ஆனால் அது நாற்பது, ஐம்பது வருஷமாகச் சேர்த்த கைத்திறனின் பலன். அதற்கடியில் உள்ள மரம் வருஷாவருஷம் குறைகிறது. கைத்திறனை வைத்துக்கொண்டு மரத்தை இழந்த நாடு இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். எவ்வளவு காலம் என்பதை நமது கடைத்தெருவைப் பார்த்தாலே கணக்குப் போடலாம்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமா, மூத்தாப்பாட பழைய கணக்குக் கொப்பி இன்னும் ஈக்கிதா? ஆரார் சீட் கொண்டு வந்தாங்க எண்டு அதுல ஈக்கும்தானே" என்று கேட்டான். இருக்கிறது. முந்நூறு பேருக்கு மேல் பேர் அதில் உண்டு. அடுத்த லீவில் அந்தப் பேர்களைத் தேடிக் காணி காணியாகப் போய், யாரிடம் இன்னும் மரம் இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.